செய்தியறை நகைச்சுவைத் தொடர்களில் கருத்தாவும் கருவியும்

செய்தியறிக்கை ஒருவர் வாயிலிருந்து வெளிப்படினும் ஒருவரால் ஆக்கப்படுவதன்று. நிருபர் தகவல் திரட்டுகிறார். செய்தி எழுத்தாளர் அதனை வாக்கியமாக்குகிறார். ஆசிரியர் வெட்டியும் ஒட்டியும் வரிசைப்படுத்துகிறார். நிலையத்தின் உரிமையாளர் எது செய்தி, எது செய்தியன்று என்பதற்கு எழுதப்படாத எல்லை வகுத்திருக்கிறார். இறுதியாக வாசிப்பாளர் அவை அனைத்தையும் தம் சொற்களே போல உரைக்கிறார். கேட்போர் அறிவது அந்தக் கடைசிக் குரலை மட்டுமே. தொலைக்காட்சி தன் செய்தியறையைத் தானே நகைப்புக்குரிய களமாக ஆக்கிக்கொண்ட நிகழ்ச்சிகள் அனைத்தும் இந்த இடைவெளியிலிருந்தே பிறந்தவை. ஒளிபரப்பு விளக்கு எரியும்போது பேசப்படும் மொழி ஒன்று. அது அணைந்தவுடன் பேசப்படும் மொழி வேறொன்று. இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டுவதே இவ்வகைத் தொடர்களின் அடிப்படை உத்தி. 1970 முதல் 1998 வரை அமெரிக்கா, பிரித்தானியா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் வெளியான நான்கு தொடர்களைக் கொண்டு, இவ்வுத்தி அடைந்த மாற்றங்களையும், அவற்றைத் தமிழில் பெயர்க்க முற்படுவோர் எதிர்கொள்ளக்கூடிய சிக்கல்களையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

பேசுவோன் என்னும் ஒற்றைச் சொல் போதுமானதன்று என்பதை எர்விங் காஃப்மன் 1979இல் எழுதிய கட்டுரையொன்றில் விளக்கினார். அது 1981இல் வெளியான அவரது 'பேச்சின் வடிவங்கள்' என்னும் நூலில் இடம்பெற்றது. ஒலிப்பவர், சொற்களை ஆக்கியவர், அச்சொற்களுக்குப் பொறுப்பேற்பவர் என மூவரை அவர் பிரித்துக் காண்கிறார். அதே நூலில் வானொலி அறிவிப்பாளர்களின் நாப்பிறழ்வுகளைப் பற்றி நீண்டதோர் ஆய்வும் உண்டு. இப்பகுப்பு தமிழ் மரபுக்கு முற்றிலும் புதியதன்று. நன்னூலார் மூன்றாம் வேற்றுமைக்குக் கருவி, கருத்தா, உடனிகழ்ச்சி ஆகிய பொருள்களைக் கூற, உரையாசிரியர்கள் கருத்தாவை ஏவுதற் கருத்தா, இயற்றுதற் கருத்தா என இரண்டாகப் பகுத்தனர். கோயிலைக் கட்டுவித்த அரசன் ஏவுதற் கருத்தா, கட்டிய தச்சன் இயற்றுதற் கருத்தா, உளி கருவி. உளிக்கும் தச்சனுக்கும் அரசனுக்கும் 'ஆல்' என்னும் ஒரே உருபு வந்துவிடுவதால் வேறுபாட்டைப் பொருளால்தான் உணர வேண்டும். செய்தி வாசிப்பாளர் கருத்தாவா கருவியா என்ற வினாவைச் செய்தியறை நகைச்சுவையின் மையவினா எனக் கொள்ளலாம். மேனாட்டுக் கலைச்சொற்களைவிட நம் இலக்கணச் சொற்கள் இவ்விடத்தில் பொருந்தி நிற்கின்றன என்றே தோன்றுகிறது.

தொலைக்காட்சிக்கு முற்பட்ட பத்திரிகை அலுவலக நகைச்சுவையில் இவ்வினா எழவில்லை. சிகாகோ நிருபர்களாக இருந்த பென் ஹெக்டும் சார்லஸ் மாக்கார்த்தரும் 1928இல் அரங்கேற்றிய 'முதற்பக்கம்' என்னும் நாடகத்திலும், அதனைத் தழுவி ஹோவர்ட் ஹாக்ஸ் 1940இல் இயக்கிய திரைப்படத்திலும் நிருபர்கள் ஒருவர் பேச்சின்மேல் ஒருவர் ஏறிப் பேசுகின்றனர், வேகமே நகைச்சுவை. ஆனால் அங்கே அச்சேறும் மொழி அரங்கில் ஒலிப்பதில்லை. எனவே அது ஒரே வழக்கின் நகைச்சுவை. ஹாக்ஸின் படத்தில் நாடகத்தின் ஆண் நிருபர் பெண்ணாக மாற்றப்பட்டது மட்டும் பின்னர் வரவிருந்த தொடர்களுக்கு முன்னோடியாயிற்று.

ஊதியமும் விளியும்

ஜேம்ஸ் எல். புரூக்ஸ், ஆலன் பர்ன்ஸ் ஆகியோர் உருவாக்கிய 'மேரி டைலர் மூர் ஷோ' சி.பி.எஸ். நிறுவனத்தில் 1970 செப்டம்பர் 19 முதல் 1977 மார்ச் 19 வரை 168 பகுதிகளாக ஒளிபரப்பாயிற்று. மினியாபொலிஸ் நகரில் டபிள்யூ.ஜே.எம். என்னும் கற்பனை நிலையம். மாலை ஆறு மணிச் செய்தி. முப்பது வயதான மேரி ரிச்சர்ட்ஸ் செயலர் பணி நாடி வருகிறாள். அப்பணி நிரப்பப்பட்டுவிட்டது. அதற்குப் பதில் துணைத் தயாரிப்பாளர் பணி அளிக்கப்படுகிறது. ஆனால் செயலருக்குரியதைவிட வாரத்திற்குப் பத்து டாலர் குறைவான ஊதியம். பதவிப்பெயர் உயர்ந்தது, ஊதியம் தாழ்ந்தது. தொடரின் முதற்பகுதியிலேயே சொல்லும் பொருளும் இவ்வாறு பிரிந்து நிற்கின்றன.

செய்தியறையில் நால்வர். தலைவர் லூ கிராண்ட், செய்தி எழுத்தாளர் மர்ரி, வாசிப்பாளர் டெட் பாக்ஸ்டர், மேரி. மர்ரி எழுதுகிறார், டெட் வாசிக்கிறார். எழுதுபவருக்குப் புகழில்லை, வாசிப்பவருக்குப் பொருள் விளங்குவதில்லை. நரைத்த தலையும் ஆழ்ந்த குரலும் உடைய டெட், தாம் கருத்தா என நம்பும் கருவி. அவரது பிழைகள் வெறும் உச்சரிப்புப் பிழைகள் அல்ல என்பதைக் குறிப்பிட வேண்டும். பொருளறியாது ஒலிப்பதால் வருபவை அவை: துயரச் செய்தியில் புன்னகை, நிறுத்தக்கூடாத இடத்தில் நிறுத்தம், தாளில் உள்ள எதனையும் தயங்காது படித்துவிடல். அவரை வெறும் கோமாளியாகக் காண்பது குறைப்பார்வை. குரலுக்கும் அறிவுக்கும் தொடர்பில்லை என்ற உண்மையைச் செய்தியறையில் அனைவரும் அறிவர், வீட்டில் இருந்து பார்ப்பவர் அறியார் என்பதே டெட்டின் வழி உணர்த்தப்படுவது. 1974இல் ஒளிபரப்பான ஒரு பகுதியில், சி.பி.எஸ். மாலைச் செய்தியின் உண்மை வாசிப்பாளரான வால்டர் குரோன்கைட் தாமாகவே தோன்றினார். நம்பகத்தின் உருவமாகப் போற்றப்பட்டவரும் அதன் போலியும் ஒரே சட்டகத்தில் நின்ற அக்காட்சி நகைப்புக்குரியது மட்டுமன்று.

1972 செப்டம்பரில் மூன்றாம் ஆண்டுத் தொடக்கமாக வந்த பகுதி தனியே நோக்கத்தக்கது. அதில் இரு சரடுகள். தனக்குமுன் அதே பணியில் இருந்த ஆண் வாரத்திற்கு ஐம்பது டாலர் மிகுதியாகப் பெற்றதை மேரி அறிகிறாள். அவர் ஆண், குடும்பத்தைக் காக்க வேண்டியவர் என்பதே தலைவர் கூறும் காரணம். மற்றொருபுறம், செய்தியைக் கலகலப்பாக்க வேண்டும் என்று நிலைய நிர்வாகம் ஆணையிடுகிறது. அம்மாற்றத்தைச் செய்யும் பொறுப்பு மேரியிடம் விடப்படுகிறது. இரண்டாவது சரடு கற்பனையன்று. 1965இல் பிலடெல்பியாவில் ஆல் பிரிமோ தொடங்கிய முறை 1968இல் நியூயார்க்கின் டபிள்யூ.ஏ.பி.சி. நிலையத்திற்குச் சென்று, அங்கிருந்து நாடெங்கும் பரவியது. வாசிப்பாளர்கள் செய்திகளுக்கிடையே ஒருவரோடொருவர் வேடிக்கையாக உரையாடுவர். எதிர்ப்பாளர்கள் இதனைக் களிப்புப் பேச்சு எனக் குறித்தனர். அதாவது, விளக்கு அணைந்தபின் பேசப்பட வேண்டிய வழக்கை விளக்கு எரியும்போதே போலியாகப் பேசிக் காட்டுவது. இரு வழக்குகளின் எல்லை நகைச்சுவைத் தொடரில் மட்டுமன்றி, உண்மையான செய்தியிலும் அப்போதே குலையத் தொடங்கியிருந்தது.

மொழிபெயர்ப்பாளர் கூர்ந்து காண வேண்டிய செய்தி இத்தொடரின் விளிச்சொற்களில் உள்ளது. மர்ரியும் டெட்டும் தலைவரை 'லூ' என்று பெயர் சொல்லி அழைக்கின்றனர். மேரி மட்டும் ஏழாண்டுகளும் 'மிஸ்டர் கிராண்ட்' என்றே விளிக்கிறாள். அவர் அவளை 'மேரி' என்கிறார். ஊதியத்தில் உள்ள ஏற்றத்தாழ்வு விளியிலும் உள்ளது. ஆயினும் அது அடிமைத்தனமாக மட்டும் ஒலிப்பதில்லை. காலப்போக்கில் அது அன்பின் குறியாகவும், தன் எல்லையைத் தானே காத்துக்கொள்ளும் உறுதியாகவும் மாறிவிடுகிறது. தமிழில் இதனை 'சார்' என்று பெயர்த்தால் என்ன நேரும்? சென்னை அலுவலகமொன்றில் மர்ரியும் டெட்டும் அவரை 'சார்' என்றே அழைப்பர். மேரியின் விளி தனித்து நில்லாமல் பொதுவிளியில் கரைந்துவிடும். 'ஐயா' என்பது அவளை வேறொரு காலத்திற்குக் கொண்டு சென்றுவிடும். 'மிஸ்டர் கிராண்ட்' என்பதை அவ்வாறே நிறுத்தி, மர்ரிக்கு 'லூ' என்னும் பெயரையும் 'நீங்க' என்னும் முன்னிலையையும் கொடுப்பதே இழப்பு குறைந்த வழியாகத் தோன்றுகிறது. இயல்பு சற்றுக் குன்றும், ஏற்றத்தாழ்வு எஞ்சும்.

டேவிட் லாயிட் எழுதி, 1975 அக்டோபர் 25இல் ஒளிபரப்பான பகுதியில், நிலையத்தின் குழந்தை நிகழ்ச்சிக் கோமாளி நிலக்கடலை வேடமணிந்து ஊர்வலத்தில் செல்கையில் யானையால் நசுக்குண்டு இறக்கிறான். செய்தியறையில் எல்லோரும் அச்சாவைப் பற்றி நகைச்சுவை பேசுகின்றனர். மேரி அவர்களைக் கண்டிக்கிறாள். ஆனால் இறுதிச் சடங்கில், பாதிரியார் அக்கோமாளியின் பாத்திரங்களை ஒவ்வொன்றாகப் பெருமிதத்துடன் எடுத்துரைக்கும்போது, அவளால் மட்டும் சிரிப்பை அடக்க முடிவதில்லை. அவன் சிரிப்பையே விரும்பியவன், எனவே சிரிக்கலாம் என்று பாதிரியார் அனுமதிக்கும் கணத்தில் அவள் வெடித்து அழுகிறாள். சாவைச் செய்தியாகக் கையாள்வோர் பேசும் குரூர நகை ஒரு வழக்கு. சடங்கின் உயர்நடை மற்றொரு வழக்கு. இரண்டுக்கும் இடையில் அகப்பட்டவள் மேரி. இப்பகுதி அமெரிக்கத் தொலைக்காட்சியின் மிகச் சிறந்த நகைச்சுவைப் பகுதிகளுள் ஒன்றாக இன்றும் எண்ணப்படுகிறது. இரு மொழிவழக்குகளை மோதவிடும் கலை அதன்பின் இவ்வளவு சிக்கனமாகக் கையாளப்படவில்லை எனலாம்.

1977இல் முடிந்த கடைசிப் பகுதியில் புதிய நிர்வாகம் அனைவரையும் பணிநீக்கம் செய்கிறது. டெட்டை மட்டும் வைத்துக்கொள்கிறது. கருத்தாக்கள் போயினர், கருவி எஞ்சியது.

பாத்திரத்திற்கு விடையிறுத்த துணைக் குடியரசுத் தலைவர்

டயான் இங்கிலிஷ் உருவாக்கிய 'மர்ஃபி பிரவுன்' 1988 நவம்பர் முதல் 1998 மே வரை சி.பி.எஸ். நிறுவனத்திலேயே வெளிவந்தது, 2018இல் ஒரு பருவம் மட்டும் மீண்டும் வந்தது. வாஷிங்டனில் தயாராகும் 'எஃப்.ஒய்.ஐ.' என்னும் கற்பனைச் செய்தி இதழிகையின் முன்னணி நிருபர் மர்ஃபி. கேன்டிஸ் பெர்கன் நடித்தார். மேரி கேட்கத் தயங்கியதை மர்ஃபி கேட்காமலே எடுத்துக்கொள்கிறாள். அவளே திரட்டி, அவளே எழுதி, அவளே உரைக்கிறாள். மூன்று பங்குகளும் ஒருவரிடம் கூடியுள்ளன. அவளுக்குத் தயாரிப்பாளராக வருபவனோ இருபத்தைந்து வயது இளைஞன். செயலர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து ஓடிப்போகின்றனர். செயலர் பணி கிடைக்காமல் உள்ளே நுழைந்த மேரிக்கும், செயலர்களை விரட்டும் மர்ஃபிக்கும் இடையில் பதினெட்டு ஆண்டுகளே கழிந்திருந்தன.

1992 மே 18இல் ஒளிபரப்பான பகுதியில், மணமாகாத மர்ஃபி ஆண்குழந்தையைப் பெற்றெடுக்கிறாள். அதற்கு முன்பே, கருவுற்றிருந்த அவளுக்கு நிகழ்ந்த விழாவில் கேட்டி கூரிக் முதலிய உண்மைச் செய்தியாளர்கள் தம் சொந்தப் பெயரிலேயே வந்து கலந்துகொள்வதாகக் காட்டப்பட்டிருந்தது. மே 19 அன்று சான் பிரான்சிஸ்கோவில், லாஸ் ஏஞ்சலிஸ் கலவரங்களை ஒட்டிய உரையில், அந்நாட்டுத் துணைக் குடியரசுத் தலைவர் டான் குவேல், தந்தையின் இன்றியமையாமையை ஏளனம் செய்து, தனித்துக் குழந்தை பெறுவதை வாழ்க்கைமுறைத் தேர்வுகளுள் ஒன்றாகக் காட்டியதாக மர்ஃபி பிரவுன்மேல் குற்றஞ்சாட்டினார். பெர்கனையோ இங்கிலிஷையோ அல்ல, பாத்திரத்தை. செப்டம்பர் 21 அன்று பாத்திரம் விடையளித்தது. கற்பனை நிகழ்ச்சியான 'எஃப்.ஒய்.ஐ.'யின் மேசையிலிருந்து மர்ஃபி, குவேலின் உண்மையான உரைக்கு மறுமொழி கூறி, பலவகைக் குடும்பங்களைச் சேர்ந்த உண்மை மனிதர்களை அவையில் நிறுத்தினாள்.

இந்நிகழ்ச்சி பெரும்பாலும் அரசியல் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. மொழியியல் நோக்கில் இது கருத்தா பற்றிய வழக்கு. ஒலித்தவர் நடிகை, ஆக்கியவர் எழுத்தாளர், பொறுப்பு யாருடையது? குவேல் அப்பொறுப்பை நான்காவதான ஒன்றின்மேல், அதாவது பேச்சுக்குள் தோன்றும் கற்பனை உருவத்தின்மேல் சுமத்தினார். அவர் கற்பனையை உண்மையென மயங்கினார் என்று அக்காலத்தில் எள்ளி நகையாடியோர் பலர். அவ்வெள்ளல் முழு நியாயமன்று. உண்மைச் செய்தியாளர்களைத் தன் விருந்தினராக அழைத்து, செய்தியின் நடையையும் மேசையையும் நாப்பழக்கத்தையும் கடன் வாங்கிய தொடர், அவற்றோடு செய்தியின் அதிகாரத்தையும் பெற்றுவிடுகிறது. அதிகாரத்தைப் பெற்றது பொறுப்பையும் ஏற்க நேரிடும். செப்டம்பரில் தொடர் அவ்வாறே ஏற்றது.

உரிமையாளர் மொழி

பிரித்தானியாவில் ஆண்டி ஹாமில்டன், கை ஜென்கின் ஆகியோர் எழுதிய 'டிராப் த டெட் டாங்கி' சானல் 4 நிறுவனத்தில் 1990 ஆகஸ்ட் 9 முதல் 1998 டிசம்பர் 9 வரை ஆறு பருவங்கள் வந்தது. கடைசி நேரத்தில் பெருஞ்செய்தி ஒன்று வந்தால் இறுதியிலுள்ள இலேசான செய்தியை விட்டுவிடும் செய்தியறைப் பழக்கத்தைப் பகடி செய்வது அதன் தலைப்பு. குளோப்லிங்க் என்னும் நிலையத்தைச் செல்வர் சர் ராய்ஸ்டன் மெர்ச்சன்ட் வாங்கிவிடுகிறார். தொடருக்குள் அவர் பெரும்பாலும் முகங்காட்டாத ஏவுதற் கருத்தா. அவர் விருப்பத்தைக் கொண்டு வருபவர் கஸ் ஹெட்ஜஸ் என்னும் நிர்வாகி.

கஸ் பேசும் மொழி தொடரின் பெருவெற்றி. வணிக மேலாண்மை, போர், விளையாட்டு, சமையல் ஆகிய துறைகளின் உருவகங்களை ஒரே வாக்கியத்தில் மோதவிட்டு, கட்டளையைக் கட்டளை எனத் தெரியாதவாறு கூறுவது அவர் வழக்கம். தாம் தலையிட வரவில்லை என்ற முன்னுரையோடு நுழைந்து தலையிட்டுவிட்டே வெளியேறுவார். ஆசிரியர் ஜார்ஜ் டென்ட் நல்லவர், நோயாளி, எதிர்க்க வலிமையற்றவர். வாசிப்பாளர்கள் சாலியும் ஹென்றியும் ஒருவரையொருவர் வெறுத்தபடியே ஒரே மேசையில் அமர்ந்து ஒரே குரலில் பேசுகின்றனர். களநிருபர் டேமியன் டே அழிவு நேர்ந்த இடங்களுக்கெல்லாம் ஒரு கரடிப் பொம்மையை எடுத்துச் சென்று இடிபாடுகளுக்கிடையே வைத்துப் படமெடுக்கிறான். டெட் பாக்ஸ்டர் காலத்தில் பொய் வாசிப்பவரின் தன்மதிப்பில் இருந்தது. இங்கே அது செய்தியின் உடலிலேயே குடியேறிவிட்டது. எழுபதுகளின் செய்தியறையில் நிறுவனம் நேர்மையானது, குரல் போலியானது. தொண்ணூறுகளில் குரல் குறைவற்றது, நிறுவனம் போலியானது. ஊடக உரிமை சிலர் கையில் குவிந்துகொண்டிருந்த ஆண்டுகளில் இம்மாற்றம் நேர்ந்தது தற்செயலன்று.

இத்தொடர் ஒளிபரப்புக்கு முன்னாளில் பதிவு செய்யப்பட்டு, அவ்வாரச் செய்திகளை உரையாடலில் சேர்த்துக்கொண்டது. நாளிதழின் அவசரத்தை நகைச்சுவைத் தொடரே மேற்கொண்டதால், உரையாடலின் வேகம் நடிப்பாக மட்டும் இல்லை.

இதே காலத்தில் பி.பி.சி. 2இல் 1994 ஜனவரி–பிப்ரவரியில் ஆறு பகுதிகளாக வந்த 'த டே டுடே' செய்தியறையை அறவே விட்டுவிட்டு, செய்திமொழியின் இசையை மட்டும் எடுத்துக்கொண்டது. இலக்கணம் பிழையாதது, பொருள் எதுவுமற்றது. வாசிப்பாளரின் ஏற்ற இறக்கம் முழு நம்பிக்கையூட்டுவது. கேட்பவர் முதலில் நம்பி, பின்னரே சிரிக்கிறார். தொடர்மொழியின் பொருளினும் ஓசையே நம்பிக்கையை உண்டாக்குகிறது என்பதற்கு இதனினும் நல்ல ஆய்வுக்கூடம் அமைவதரிது. கனடாவின் 'த நியூஸ்ரூம்' 1996இலும், அமெரிக்க வானொலி நிலையத்தைக் களமாகக் கொண்ட 'நியூஸ்ரேடியோ' 1995 முதல் 1999 வரையிலும் வந்தன. இவற்றுள் முன்னது மேலே கண்ட நிறுவனப் பகடியைத் தொடர்ந்தது; பின்னது செய்தியை விட்டு அலுவலக நகைச்சுவையாகவே அமைந்தது.

ஆஸ்திரேலியாவின் 'ஃபிரன்ட்லைன்' 1994 முதல் 1997 வரை ஏ.பி.சி. நிறுவனத்தில் மூன்று பருவங்களாக 39 பகுதிகள் வெளிவந்தது. ராப் சிட்ச், ஜேன் கென்னடி, சான்டோ சிலாரோ, டாம் கிளைஸ்னர் ஆகிய நால்வர் எழுதி இயக்கினர். அலுவலகக் காட்சிகள் கையில் ஏந்திய சிறு ஒளிப்பதிவுக் கருவியால் கரடுமுரடாகவும், ஒளிபரப்புக் காட்சிகள் நிலையத் தரத்தில் துலக்கமாகவும் எடுக்கப்பட்டுள்ளன. இருவகை மொழிக்கும் இருவகைப் படிமம். நெறியாளர் மைக் மூர் டெட் பாக்ஸ்டரின் வழித்தோன்றலே. ஆனால் அவனுக்கு மனச்சான்று உண்டு. ஒவ்வொரு முறையும் அவன் அறம் சார்ந்த தயக்கத்துடன் தயாரிப்பாளரிடம் செல்கிறான். அவர் அவனது சொற்களையே கொண்டு அவன் தயக்கத்தைக் கரைத்து அனுப்பிவிடுகிறார். மக்களுக்கு அறியும் உரிமை உண்டு என்பது அறக்கோட்பாடாக நுழைந்து சாக்குப்போக்காக வெளியேறுகிறது. ஒரே வாக்கியம் இரு கருத்தாக்களின் வாயில் இரு பொருள் கொள்வதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய தொடர் வேறில்லை.

அதன் ஒரு பகுதி முற்றுகை ஒன்றைப் பற்றியது. 1993 மார்ச்சில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் காங்காய் என்னும் இடத்தில் நிகழ்ந்த உண்மை முற்றுகையின்போது, தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்று ஆயுதம் தாங்கியவர்களோடும் பிணையாக இருந்த குழந்தைகளோடும் தொலைபேசியில் நேர்காணல் நடத்தியது. அது பெருங்கண்டனத்திற்கு உள்ளாயிற்று. ஃபிரன்ட்லைன் அதனைக் கற்பனையாக மீண்டும் நிகழ்த்தியபோது நகைப்பு ஏறத்தாழ நின்றுவிடுகிறது. பின்னர் அதே மாநிலத்தின் பள்ளியிறுதி வகுப்பு ஆங்கிலப் பாடத்தில் இத்தொடர் சேர்க்கப்பட்டது பொருத்தமானதே.

தமிழில் பெயர்க்கும்போது

ஆங்கிலத்தில் ஒளிபரப்பு மொழிக்கும் அறைமொழிக்கும் உள்ள வேறுபாடு அளவு பற்றியது. ஆலன் பெல் நியூசிலாந்தில் ஒரே வாசிப்பாளர்கள் ஒரே கட்டடத்திலிருந்து இரு வானொலி நிலையங்களுக்குச் செய்தி வாசித்ததை ஆராய்ந்து 1984இல் கட்டுரை வெளியிட்டார். உயிர்களுக்கிடையே வரும் டகர ஒலியை அவர்கள் உச்சரிக்கும் விகிதம் கேட்போருக்கேற்ப மாறியது. ஒலி மெல்ல நெகிழ்கிறது, இலக்கணம் மாறவில்லை. தமிழிலோ வேறுபாடு வகை பற்றியது. செய்தி வாசிப்பு எழுத்து வழக்கில் அமைய, அறைப்பேச்சு பேச்சு வழக்கில் நிகழும். வினைமுற்று, வேற்றுமையுருபு, பன்மை விகுதி யாவும் மாறுகின்றன. ஆகவே குரல்மாற்றம் செய்யும் மொழிபெயர்ப்பாளருக்குத் தமிழ் ஆங்கிலத்தினும் கூரிய கருவியைத் தருகிறது. எழுத்துத் துணையுரை அமைப்போருக்கு நிலைமை நேர்மாறானது. பேச்சையெல்லாம் எழுத்து வழக்கில் திருத்தி எழுதும் பழக்கம் தொடர்ந்தால், விளக்கு எரிந்தாலும் அணைந்தாலும் மைக் மூர் ஒரே தமிழைப் பேசுவான். தொடரின் குற்றச்சாட்டு முழுதும் அங்கேயே மறைந்துபோகும். துணையுரையில் பேச்சு வழக்கை எழுதத் தயங்குவது தூய்மை பற்றிய கவலையால் எழுவது. இத்தகைய பனுவலில் அக்கவலை பொருளையே இழப்பதில் முடிகிறது.

டெட் பாக்ஸ்டரின் பிழைகளுக்கு லகர ளகர ழகர மயக்கத்தைக் கையாளலாம் என்று எளிதில் தோன்றும். தமிழர் செய்தி வாசிப்பில் முதலில் குறை காண்பதும் அதனையே. ஆனால் அம்மயக்கம் வட்டாரத்தையும் கல்வி வாய்ப்பையும் சுட்டுவது. அதனை நகைப்புக்குரியதாக்கினால் டெட்டுக்குப் பதிலாக வேறு யாரோ நகைக்கப்படுவர். டெட்டின் குறை பொருளுணராமை. அதற்குத் தமிழ்த் தொடரமைப்பே இடம் தருகிறது. 'முதல்வர் மறைந்த அமைச்சரின் இல்லத்திற்குச் சென்றார்' என்னும் தொடரில் 'முதல்வர்' என்பதன்பின் நிறுத்தினால் மறைந்தவர் அமைச்சர். 'மறைந்த' என்பதன்பின் நிறுத்தினால் பெயரெச்சம் இல்லத்தைத் தழுவ, முதல்வர் அவ்வீட்டில் மறைந்தவராகிவிடுவார். ஒலி ஒவ்வொன்றும் செம்மையாக இருக்க, ஒரு நிறுத்தத்தால் ஆள் மாறிவிடுகிறது. தாளில் உள்ளதைப் பொருளறியாது படிக்கும் ஆழ்ந்த குரலுக்கு இதுவே பொருத்தமான பிழை.

கஸ் ஹெட்ஜஸின் வழக்கு கடினமானது. தமிழ் நிர்வாகி ஒருவர் இவ்விடத்தில் ஆங்கிலத்திற்கு மாறிவிடுவார். ஆனால் செய்தியறையில் ஏனையோரும் ஆங்கிலம் கலந்தே பேசுவதால் அவர் தனித்துத் தெரியமாட்டார். 'ஆவன செய்யப்படும்', 'மேல்நடவடிக்கைக்காக' போன்ற சுற்றறிக்கைத் தமிழைக் கொடுத்தால் கட்டளையின் மறைவு கிட்டும். கஸ்ஸின் பொய்யான உற்சாகம் கிட்டாது. சுற்றறிக்கை பழமையின் மொழி. கஸ்ஸினுடையது எதிர்காலத்தை விற்கும் மொழி. விளம்பரத் தமிழையும் சுற்றறிக்கைத் தமிழையும் ஒரே வாக்கியத்தில் பிணைப்பது ஒரு வழி. முதற்பாதியில் 'புதிய விடியல்', பிற்பாதியில் 'உரிய முறையில் பரிசீலிக்கப்படும்' என்றமைந்தால், இழையும் பொருந்தாமையும் ஒருங்கே கிடைக்கும்.

ஃபிரன்ட்லைனின் ஒளிபரப்பு மொழிக்குத் தமிழில் ஆயத்தமான வடிவம் உண்டு. 'எனக் கூறப்படுகிறது', 'எனத் தெரிகிறது', 'நம்பத்தகுந்த வட்டாரங்கள் தெரிவிக்கின்றன' முதலியவை கருத்தாவைத் தொக்கி நிற்கச் செய்யும் தொடர்கள். ஆங்கில மூலத்தில் இவ்விடங்களில் பெரும்பாலும் வினாத்தொடர்கள் வருகின்றன. குற்றஞ்சாட்டாமல் குற்றத்தை நினைவூட்டும் வினாக்கள் அவை. வினாவை வினாவாகவே பெயர்த்தால் தமிழில் அது பட்டிமன்ற நடையாக ஒலிக்கும். செயப்பாட்டு வினைக்கு மாற்றினால் செய்தி நடை கிடைக்கும். யார் கூறினார் என்று மைக் மூர் தயாரிப்பாளரை ஒருமுறையேனும் கேட்க வேண்டிய இடமும் அதனால் உருவாகும்.

'டிராப் த டெட் டாங்கி'யின் வாரச் செய்திக் குறிப்புகள் பிரித்தானியப் பார்வையாளருக்கே சில ஆண்டுகளில் விளங்காதனவாயின. அதன் பகுதிகள் குறுந்தகடாக வெளியிடப்பட்டபோது, ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் அவ்வாரம் நிகழ்ந்தவற்றை நினைவூட்டும் சிறு முன்னுரை சேர்க்க வேண்டியதாயிற்று. மூலமே உரையோடு வெளிவந்துவிட்டதால், தமிழ்ப் பெயர்ப்பில் அடிக்குறிப்பு இடலாமா என்னும் தயக்கம் இத்தொடரைப் பொறுத்தமட்டில் தேவையற்றது.